பொதுப்பார்வைக்குச் சம்மதம்

பன்னிரண்டாவது கட்டத்தில் ஏன் டிக் அடித்தேன் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தது, அடித்தேன், அவ்வளவுதான். படம் எடுக்க நல்கைத் தொகை கேட்டு விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு வருகிற வியாதி இது. படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் அங்கே ஒரு மதிப்பெண் போய்விட்டதென்று கை பதறும். பிறந்த தேதி, வசிக்கும் மாவட்டம், முன்பு வேறெங்காவது உதவி பெற்றதுண்டா, எல்லாவற்றையும் நிதானமாகப் படித்து நிரப்பியவள், 'விண்ணப்பத்துடன் அனுப்பும் மூன்று நிமிடக் காட்சியைப் பொதுப்பார்வைக்கு வைக்கச் சம்மதம்' என்ற வரியை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டேன். இல்லை, பொய். படித்தேன். படித்துவிட்டுப் பொதுவில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் படங்களைப் பொதுவில் யாரும் பார்த்ததில்லை. பிழைப்புக்கு எடுக்கிற காதுகுத்து வீடியோவைக்கூட முழுசாகப் பார்ப்பதில்லை, மொய் வைத்தவர்கள் தங்கள் முகம் வருகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அப்படிப்பட்ட என்னுடைய மூன்று நிமிடம் வியாழக்கிழமை நொய்யல் திரைப்பட வட்டத்தின் இணையப் பக்கத்தில் ஏறியது, இன்று சனிக்கிழமை, பதினொன்று இருபதுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். சற்று முன்னால் நானூற்று ஒன்பதாக இருந்தது. இந்த மூன்று பேர் யார்?

வட்டத்தின் அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு பம்புசெட் கடைக்கு மேலே. கீழே மோட்டாரை ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள், அது ஓடும்போது உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் லேசான அதிர்வு ஏறுகிறது, நின்றவுடன் எல்லோரும் தேவையில்லாமல் சத்தமாகப் பேசுவது தெரிகிறது. எல்லோரும் என்றால் மூன்று பேர். நான், தாராபுரத்து ஜெயசீலன், மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிற சம்பத். சம்பத்துதான் ஒருங்கிணைப்பாளர், காட்சிகளைப் பக்கத்தில் ஏற்றியவர், நினைத்தால் அரை நிமிடத்தில் இறக்கிவிடக்கூடியவர். எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. எழுந்துபோய், சம்பத், என்னுடையதை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் எடுத்துவிடுவார், நல்ல மனிதர். ஆனால் ஒன்பதாவது விதி இருக்கிறது. காட்சியைத் திரும்பப் பெற்றால் விண்ணப்பமும் திரும்பப் பெற்றதாகக் கொள்ளப்படும். அந்த விதியையும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பதினொன்று நாற்பத்தைந்துக்கு என் நேர்காணல். உள்ளே மூன்று நடுவர்கள் யாரோ ஒரு திருப்பூர்ப் பையனின் படத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, இந்த நான்கு மாவட்டத்தில் சொந்தமாகப் படம் எடுக்கிறவர்களுக்கென்று இருக்கிற ஒரே உதவி இது. வருடத்துக்கு மூன்று பேர். சென்னைக்குப் போனால் தயாரிப்பாளர் கடிதம் உண்டா என்பார்கள், டெல்லிக்கு எழுதினால் பதிலே வராது. இது எனக்கு ஐந்தாவது விண்ணப்பம், நேர்காணல் வரை வந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் அந்த மூன்று நிமிடத்தில் பேசுகிற மயிலாத்தாக்காவால்.

காலை எட்டு நாற்பதுக்கு அக்கா போனில் கூப்பிட்டது. நான் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அம்மிணி, நம்ம சொர்ணம் போன்ல என்னையக் காட்டறா. நான் பேசறது அதுல வருது. எனக்குப் பக்குனு ஆயிப்போச்சு." சொர்ணம் அக்காவோடு வேலை செய்கிறவள். இரண்டு பேருக்கும் வடவள்ளியைத் தாண்டி ஒரு முதியோர் குடியிருப்பில் வேலை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெரியவர்களைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது. "அந்தப் புள்ள அமெரிக்காவுல இருந்து பாத்துச்சுன்னா என்ன நெனைக்கும்? அவிய அம்மாகிட்டப் பொய் சொல்லிப் பொளப்பு ஓட்டறயான்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்குவேன்? வேண்டாங் கண்ணு. அதுல இருந்து என்னைய எடுத்துப்போடு. படத்துலயும் நான் வேண்டாம்." கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, "உனக்கு ஏதாச்சும் கஷ்டமாயிருமா?" என்று வேறு கேட்டது. நான் என்ன சொன்னேன்? பார்க்கிறேன்க்கா என்று சொன்னேன். என்னத்தைப் பார்க்க? கடன் கேட்டு வருகிறவனிடம் சொல்கிற வார்த்தை அது. அக்கா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, "செரி கண்ணு, உன்னைய நம்பித்தான்" என்று போனை வைத்துவிட்டது. தோசை கருகிவிட்டது. கருகியதைத்தான் சாப்பிட்டேன், புடவை மாற்றினேன், பஸ் ஏறினேன், இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், இந்த மூன்று மணி நேரத்தில் நான் எதையும் பார்க்கவில்லை, எண்ணிக்கையைத் தவிர.

நானூற்றுப் பதினைந்து. சந்தோஷமாக இருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், உள்ளே எங்கோ சந்தோஷமாக இருக்கிறது, அதுதான் அசிங்கமாகவும் இருக்கிறது. வியாழக்கிழமை முழுக்க நான் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எண் கூடியது, யாரோ ஒருவர் 'கண் கலங்கிவிட்டது' என்று கீழே எழுதியிருந்தார், அதை ஏழெட்டுத் தடவை படித்தேன். முப்பத்தேழு வயதில் முதல் தடவையாக முகம் தெரியாத ஒருவரின் கண்ணைக் கலக்கியிருக்கிறேன். பம்புசெட் கம்பெனிக்கு விளம்பரப் படம் எடுத்தால் கண்ணா கலங்கும்? அந்த மூன்று நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. வேடபட்டியில் அக்காவின் வீட்டு வாசல், ஞாயிற்றுக்கிழமை வெயில், அக்கா முறத்தில் துவரம்பருப்பு பார்த்துக்கொண்டே பேசுகிறது. "அந்தம்மா என்னைய வசு வசுன்னுதான் கூப்புடும். வசு அவிய மக. நான் மயிலாத்தாளுங்கன்னு சொல்லிப் பாத்தேன், அளுதுபோடுச்சு. செரி, நாமளே வசுவா இருந்துட்டாப் போகுதுன்னு இப்ப கூப்புட்டா என்னம்மான்னு போயிருவேன்." இங்கே அக்கா சிரிக்கும். அப்புறம் கல் ஒன்றைப் பொறுக்கிக் கீழே போட்டுவிட்டு, "ஒருநாளு என் கையப் புடிச்சுக்கிட்டு, உன்னைய அனுப்புனது தப்பு வசு, உங்கப்பா சொன்னாருன்னு அனுப்பிப்போட்டேன், நீ இங்கயே இருந்திருக்கலாம்னு சொல்லுச்சு. அது வசுகிட்டச் சொல்ல வேண்டியதுங்க. என்கிட்டச் சொல்லிப்போட்டா நான் அத எங்க கொண்டுபோயி வெக்கறது?" அத்தோடு முடிகிறது. நான் கேமராவை அசைக்கவே இல்லை. எடுத்து முடித்தபோதே கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. அப்படியொரு நிமிஷம் ஒரு படத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும், சிலருக்குக் கிடைப்பதேயில்லை.

வசு என்ற பெயரையாவது அழித்திருக்கலாம். அழிக்க நினைத்தேன். அந்த இடத்தில் ஒலியை மட்டும் வெட்டிப் பார்த்தேன், அக்கா சொல்வதெல்லாம் ஒரு நோயாளியைப் பற்றிய தகவல் மாதிரி ஆகிவிட்டது, பெயர் இருந்தால்தான் கூப்பிடுவது கேட்கிறது. வைத்துக்கொண்டேன். ஊரில் எத்தனை வசு இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வடவள்ளியில் அம்மாவை விட்டுவிட்டு அமெரிக்காவில் இருக்கிற வசு எத்தனை பேர் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே இப்போது மணி இரண்டு, ராத்திரி, தூங்கிக்கொண்டிருப்பாள். காலை ஏழுக்கு எழுந்தாலும் நமக்குச் சாயங்காலம் நாலரை. அப்படியானால் நேர்காணலை முடித்துவிட்டுப் பன்னிரண்டரைக்கு எடுத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. முடிவை இன்று இரண்டு மணிக்கே சொல்லிவிடுவார்கள், முடிவு வரைக்கும்தான் காட்சி இருக்க வேண்டும், இரண்டு மணிக்கு மேல் எடுக்கச் சொன்னால் எந்த விதியும் தடுக்காது, அப்போதும் இரண்டரை மணி நேரம் மிச்சம். இந்தக் கணக்கை இப்போது நான்காவது தடவையாகப் போடுகிறேன், ஒவ்வொரு தடவையும் சரியாக வருகிறது. தூக்கம் வராமல் போனை நோண்டுகிற வழக்கம் அவளுக்கு இருந்தால்? இருக்காது. அம்மாவை இவ்வளவு தூரத்தில் விட்டிருக்கிறவளுக்குத் தூக்கம் நன்றாக வருமா?

"என்னங்க கோகிலவாணி, அந்தப் போனையே பாத்துட்டிருக்கறீங்க?" ஜெயசீலன். நல்ல மனிதர்தான், எனக்கு அவரைப் பார்த்தால் பயம். ஒன்பது வருடமாக விண்ணப்பிக்கிறார். ஒரே கதை, ஒரு காதல் கதை, வருடத்துக்கு ஒரு பெயர் மாறும். வட்டம் சுற்றுச்சூழலுக்கு முன்னுரிமை என்று அறிவித்த வருடம் காதலர்கள் ஆற்றங்கரையில் சந்தித்தார்கள், ஆறு மாசுபட்டிருந்தது. பெண் கல்வி என்ற வருடம் காதலி பி.எட். படித்தாள். இந்த வருடம் முதுமைதான் பொருள், அதனால் காதலர்கள் இருவரும் கிழவர்களாகிவிட்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு என் விண்ணப்பத்தில் 'கைவிடப்பட்ட முதுமையின் மௌன சாட்சியம்' என்று நான் எழுதிய வரி ஞாபகம் வந்தது. அக்காவுக்கு மௌனமாக இருக்கத் தெரியாது, ஓயாமல் பேசும், அதுதான் அதனிடம் எனக்குப் பிடித்ததே. "ஒண்ணு மட்டும் சொல்றனுங்க," என்று ஜெயசீலன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார், "உள்ள போயி தெரியலன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. எதக் கேட்டாலும் ஆமாங்க, யோசிச்சு வெச்சிருக்கறனுங்க, அவ்வளவுதான். போன வருசம் நான் தெரியலைன்னு சொல்லித்தான் கெட்டேன்." சரிங்க என்றேன். கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது. அதன் சத்தத்தில் அவர் இன்னும் ஏதோ சொன்னார், தலையாட்டினேன். இவரைப் போல ஆகிவிடுவேனோ என்பதுதான் என் பயம், அதை அவர் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நினைக்கிறேன், கேவலமாக இருக்கிறது.

சம்மதப் படிவம் பையில் இருக்கிறது. அதில் அக்காவின் கையெழுத்து. எழுதிக்கொடுத்தது நான், வட்டம் கேட்கிறது என்பதற்காக. 'இதில் பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம்.' இந்த வரியை நான் ஒவ்வொரு படிவத்திலும் எழுதுவேன், எழுதினால் நடுவர்களுக்குப் பிடிக்கும், இவ்வளவு நாளும் யாரும் விலகியதில்லை. படித்துக்காட்டியபோது அக்கா, "அதெதுக்கு நான் வெலகறேன், நீதான் இருக்கறயே" என்றது. கையெழுத்துப் போடும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, மயிலாத்தாள் என்று முழுசாக, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கி எழுதியது. படம் எடுக்கப் போன அன்று புதுப் புடவை உடுத்தியிருந்தது, நான் பழையதே நன்றாக இருக்கும்க்கா என்று மாற்றச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தது. நானாக இருந்தால் மாற்றியிருக்க மாட்டேன். என்னை யாராவது படம் எடுத்து, நீ இந்தப் புடவையில் வேண்டாம், இப்படி இரு, இதைச் சொல், இந்த இடத்தில் நிறுத்து என்று சொன்னால் எழுந்து போயிருப்பேன். சம்மதம் என்று அக்கா கையெழுத்துப் போட்டது படத்துக்கா, எனக்கா? எனக்குத்தான். படம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது, டிவியில் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தது, எப்ப வருங் கண்ணு என்று கேட்டுக்கொண்டே இருந்தது, வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், சொர்ணத்தின் போனில் வந்துவிட்டது.

கதவு திறந்து திருப்பூர்ப் பையன் வெளியே வந்தான், சிரித்தும் சிரிக்காமலும். சம்பத் எழுந்து, "கோகிலவாணி மேடம், வாங்க" என்றார். எழுந்தேன். இப்போது சொல்லலாம், இந்தப் பத்தடியில் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. உள்ளே ஏசி, மூன்று டம்ளர் டீ, மூன்று பேர். நடுவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, முப்பது வருடம் படத்தொகுப்பு செய்தவர். ஒரு பக்கம் கல்லூரிப் பேராசிரியர், இன்னொரு பக்கம் நூல் மில் வைத்திருக்கிற பெரியவர், அவருடைய உபயத்தில்தான் பாதிப் பணம் வருகிறது. உட்காருங்க என்றார்கள். பேராசிரியர் நிதானமாகத் தொடங்கினார், வரவு செலவுத் திட்டம் நன்றாக இருக்கிறது, எத்தனை நாள் படப்பிடிப்பு, ஒலிப்பதிவுக்கு யார், எல்லாவற்றுக்கும் ஆமாங்க, யோசித்து வைத்திருக்கிறேன் என்றேன். படத்தொகுப்பாளர் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வசுங்கற பேரை வெட்டாம விட்டீங்களே, அது நல்ல வேலைம்மா. அந்தப் பேர் இல்லன்னா படமே இல்ல" என்றார். சந்தோஷம் வர வேண்டிய இடம். வரவில்லை. "அந்த அம்மா ஒரு வருசம் உங்க கூட இருப்பாங்களா?" ஆமாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாய் ஏற்கெனவே அந்த வடிவத்துக்கு வந்திருந்தது. "இல்லைங்க" என்றேன். "இன்னைக்குக் காலைல கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அந்தக் காட்சியையும் எடுக்கச் சொன்னாங்க. நான் மூணு மணி நேரமா எடுக்காம உட்கார்ந்திருக்கேன்."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அறையே மாறிவிட்டது. மில்காரர் டம்ளரைக் கீழே வைத்தார், "அப்படிங்களா?" என்றார், அக்கறையோடுதான். படத்தொகுப்பாளர் அம்மா முன்னால் சாய்ந்தார். "அதையே வெச்சு எடுங்களேன். ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணா நடிச்சா, அதை உங்ககிட்டச் சொன்னா, அப்புறம் சொன்னதுக்குப் பயந்துட்டா. இப்பத்தான் இது படம். முகம் வேண்டாம், பேர் வேண்டாம், குரல் மட்டும் போதும். போன்ல எப்படிச் சொன்னாங்க? ரெக்கார்ட் ஆயிருக்கா?" எங்கள் தொழிலில் பாதிப் பேர் போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகிற மாதிரிதான் வைத்திருப்போம், யார் எப்போது ஒப்புக்கொண்டு மறுப்பார்கள் என்று தெரியாது. ஆகியிருந்தது. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. காலையில் அக்கா வேண்டாங் கண்ணு என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்ததே அந்த ஒரு நிமிஷம், அப்போது தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது, பின்னால் சத்தமே இல்லை, பதிவு சுத்தமாக விழுந்திருக்கும் என்று. அதைத்தான் முதலில் நினைத்தேன். இப்போது அந்த அம்மா சொல்லச் சொல்லப் படம் எனக்குக் கண்ணுக்கு நேரே தெரிந்தது, இருட்டுத் திரை, அக்காவின் குரல் மட்டும், உனக்கு ஏதாச்சும் கஷ்டமாயிருமா என்று. என் வாழ்க்கையில் நான் யோசித்த எதையும்விட நன்றாக இருந்தது. எனக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்று முகத்திலும் தெரிந்தது. "ரெக்கார்ட் ஆகலைங்க" என்றேன். "பரவால்ல, மறுபடி பேசுங்க, கேட்டாச் சொல்வாங்க, உங்க மேல பிரியமாத்தான இருக்காங்க" என்றார் பேராசிரியர். ஆமாம், கேட்டால் சொல்லும், புடவை மாற்றச் சொன்னால் மாற்றுகிற மனுஷி. "அதனாலதாங்க கேட்க மாட்டேன்" என்றேன். அது கொஞ்சம் நாடகமாகத்தான் வந்தது, வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. படத்தொகுப்பாளர் அம்மா என் கண்ணையே பார்த்தார். ரெக்கார்ட் ஆகலை என்று நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரிம்மா, போய் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்து சம்பத்திடம் எடுக்கச் சொன்னேன். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார், பக்கத்தில் என் காட்சி இருந்த இடம் காலி. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜெயசீலன், "என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார், அவரை உள்ளே கூப்பிட்டார்கள், போனார். படி இறங்கும்போதே அழுகை வந்தது, பம்புக் கடைக்காரர் பார்க்கிறார் என்று அடக்கிக்கொண்டேன். ஐந்து வருடம். அடுத்த வருடம் என்று சொல்லிக்கொள்ளக்கூட என்னிடம் எந்தப் படமும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு பேக்கரி ஓரமாக நின்று அக்காவைக் கூப்பிட்டேன். "எடுத்தாச்சுக்கா. நானூறு பேருக்கு மேல பாத்திருந்தாங்க, இனி யாரும் பார்க்க முடியாது. படத்துலயும் நீங்க இல்ல." "அப்பாடா," என்றது, "இப்பத்தான் கண்ணு உசுரே வந்துது." நன்றி என்றெல்லாம் அக்கா சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் சத்தம் அடங்கியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, "அம்மிணி, அத்தன பேரு பாத்தாங்கன்னியே, நான் நல்லா இருந்தனா?" என்றது. நல்லா இருந்தீங்கக்கா என்றேன். "பேசுனது?" ரொம்ப நல்லாப் பேசுனீங்க. "அந்தப் பழைய பொடவைல போயி," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டது. போனில் இரண்டு பதிவுகள் இருந்தன, காலை எட்டு நாற்பது, மதியம் பன்னிரண்டு பத்து. காலையில் பேசியதை உடனே அழித்தேன். இரண்டாவதை, அங்கேயே நின்று ஒரு தடவை கேட்டுவிட்டு அழித்தேன்.